ஏழு நிமிஷம் பன்னிரண்டு வினாடி

பத்து மணி நாலு நிமிஷம். ப்ளக்கைப் போட்டாயிற்று. மீட்டர் ஓடுகிறது. காதைக் கிட்டே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற மாதிரி ஒரு சத்தம். ஐந்து கறுப்பு எண்கள், கடைசியில் ஒரு சிவப்பு எண். சிவப்பு என்பது மணியில் பத்தில் ஒரு பங்கு. இப்போது பூஜ்யத்தில் நேராக நிற்கிறது. ஆறு நிமிஷத்தில் பூஜ்யம் மேலே ஏறி மறைந்து ஒன்று வந்து நேராக நிற்க வேண்டும். பத்து பத்துக்கு வந்துவிட்டால் காலையில் நான் பார்த்தது ஒன்றுமில்லை, எழுந்து போய் ஷேவ் செய்துகொள்வேன். வராவிட்டால், சரி, வராவிட்டால் பார்க்கலாம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வினாடி முள் நன்றாகத்தான் ஓடுகிறது. சாப்பாட்டு மேஜை. நேற்றைய ரசத்தின் வட்டம் ஒன்று துடைக்கப்படாமல் இருக்கிறது. தேக்குப் பலகையைக் கழற்றிக் கீழே சாத்தியிருக்கிறேன். ரிட்டயர் ஆன அன்று ரேடியோ நிலையத்தில் மாலை போட்டு, பழைய டிரான்ஸ்மிட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எண்ணிய இந்த மீட்டரைத் தேக்குப் பலகையில் பதித்து, கூடவே அதன் குட்டி டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்து, ‘எஸ். விருத்தகிரி, நிலையப் பொறியாளர், வால்வுகளின் ஆயுளைக் காத்தவர்’ என்று பித்தளையில் வெட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பித்தளையை இன்று கவிழ்த்து வைத்திருக்கிறேன். மீட்டரின் பின்பக்கத் தகட்டை இருபத்தெட்டு வருஷம் இரும்புப் பேனல் மறைத்திருந்தது. அப்புறம் தேக்கு மறைத்தது. இன்று காலைதான் ஸ்க்ரூவைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கொசு உட்கார்ந்த அளவு எழுத்து. நூற்றிருபது வோல்ட். அறுபது சைக்கிள். அறுபது. நம் ஊர்க் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவைதான் துடிக்கும். அது எல்.கே.ஜி. பிள்ளைக்கும், சரி, எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்த மாதிரி மீட்டருக்குள் இருக்கிற மோட்டார் அந்தத் துடிப்பை எண்ணித்தான் சுற்றும். அறுபதுக்குப் பண்ணியதை ஐம்பதில் போட்டால் மெதுவாகச் சுற்றும். ஆறு மணி நேரம் ஓடினால் ஐந்து என்று காட்டும். பத்து ஏழு. சிவப்புப் பூஜ்யம் பாதிகூட ஏறவில்லை.

எல்லாம் அந்த மாசிலாமணியால். எங்கள் ஃப்ளாட் வாட்ச்மேன். போர்வெல் மோட்டார் அதிக நேரம் ஓடுகிறது என்று அசோசியேஷனில் சத்தம். என்னிடம் மீட்டர் இருக்கிறது, மாட்டுங்கள், கழுதை உண்மை தெரியும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எலக்ட்ரீஷியனை வைத்துப் பம்ப் ரூமில் பலகையோடு மாட்டினோம். நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தால் அவன் நோட்டில் ஆறு மணி நேரம், மீட்டரில் ஐந்து. நீ பொய்யா, மீட்டர் பொய்யா என்றேன். “நான் எதுக்கு சார் பொய் சொல்லணும், அந்தத் தண்ணி பூரா நானா குடிக்கிறேன்? போனைப் பார்த்துப் பார்த்துதான் எழுதினேன். காலையில ரெண்டு, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு.” கூட்டத் தெரியாதவன் எல்லாம் நோட்டு வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். இரண்டாவது மாடி திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. மூச்சு வாங்கவில்லை. கால்தான் நின்றது. கூட்டத் தெரியாதவன். இதே வார்த்தையை இதே மீட்டரை வைத்துக்கொண்டு வேறு ஒருத்தனிடம் நான் சொல்லியிருக்கிறேன். விடிந்ததும் மீட்டரைப் பலகையோடு கழற்றி மேலே கொண்டு வந்தேன். பத்து பத்து ஆயிற்று. ஒன்று வரவில்லை. விளிம்பில் தலை தெரிகிறது, நேராக வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். வரவில்லை. ஆறு நிமிஷம் பதினைந்து. ஆறு நாற்பது. ஏழு நிமிஷம். ஏழு நிமிஷம் பன்னிரண்டு வினாடியில் ஒன்று நேராக வந்து நிற்கிறது. கணக்குப் போட்டால் அதேதான் வரும். ஏழு பன்னிரண்டு. அடப்பாவி. யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்னொரு தடவை பார்க்கலாம். ஒரு அளவை நம்பாதே, மூன்று எடு என்று எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன்.

மூன்று. மூன்று வால்வுகள். வால்வு என்றால் பழைய ரேடியோப் பெட்டியில் இருந்த கட்டைவிரல் சமாசாரம் இல்லை. எங்கள் ஒலிபரப்பு நிலையத்தில் இருந்தவை இடுப்பு உயரம், செம்பும் பீங்கானும், சங்கிலி போட்டுத் தூக்கித்தான் இறக்க வேண்டும், தரையில் வைத்தால் குழந்தையை வைக்கிற மாதிரி வைக்க வேண்டும். உள்ளே ஃபிலமென்ட் கம்பி எரிகிற ஒவ்வொரு மணியும் அதன் ஆயுளில் கழிந்தது. பத்தாயிரம் மணி ஓடும் என்று கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு வால்வுக்கும் ரெஜிஸ்டரில் ஒரு பக்கம். பிறந்த தேதி, மாட்டிய தேதி, மாதா மாதம் மீட்டர் எண், இறந்த தேதி. நான்தான் எழுதினேன், வேறு யார் கையையும் விடவில்லை. பழைய ரிக்கார்டு அழிக்கச் சொன்னபோது அந்த ரெஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இதோ மீட்டருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது. திறக்க வேண்டியதில்லை, மனப்பாடம். நிலையத்தில் இரண்டு டிரான்ஸ்மிட்டர், மெஷின் என்போம், இந்த மீட்டர் முதல் மெஷினுடையது. முதல் மெஷின், முதல் வால்வு, எட்டாயிரத்து முந்நூற்றுப் பத்து மணியில் போயிற்று. இரண்டாவது, எட்டாயிரத்து அறுநூற்று இருபது. மூன்றாவது, எட்டாயிரத்து நானூற்று ஐம்பது. மூன்றும் விடியற்காலை ஃபிலமென்ட் போடும்போது போயின. மூன்று தடவையும் விடியற்காலை ஷிப்டில் இருந்தவன் அய்யாத்துரை. கோவில்பட்டிக்காரன். டெக்னீஷியன். ஃபிலமென்ட்டைச் சட்டென்று போடக் கூடாது, கைச்சக்கரத்தைத் திருப்பித் திருப்பி மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் கம்பி அறுந்துவிடும். அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். சக்கரத்தை ஒரு பல் திருப்புவான், பதினாறாம் வாய்ப்பாட்டில் ஒரு வரி சொல்லுவான். ஒரு பதினாறு பதினாறு. ஒரு பல். இரு பதினாறு முப்பத்திரண்டு. ஒரு பல். பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு வரைக்கும் போய்த்தான் கையை எடுப்பான். குவார்ட்டர்ஸில் படுத்திருந்தால் அந்தப் பொட்டலில் எனக்குக் கேட்கும். அவசரப்படாத குரல். அது எனக்குக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. தினமும் கேட்டது. வால்வெல்லாம் அந்த நேரத்தில்தான் சாகும், யார் கையில் சக்கரம் இருந்தாலும் சாகும், வயதானவர்கள் படுக்கையை விட்டு எழுந்திருக்கும்போது விழுகிற மாதிரி. அதுவும் எனக்குத் தெரியும். பத்து பதினெட்டு இருபத்து நாலு. இரண்டு நேராக வந்துவிட்டது. ஏழு பன்னிரண்டு.

“ஏங்க, அந்த ப்ளக்கைக் கொஞ்சம் எடுங்க. சட்னி அரைக்கணும்.” தையல்நாயகி. எடுக்காதே என்றேன். “ஒரு டப்பாவை வெச்சுக்கிட்டு காலையிலேருந்து முறைச்சுக்கிட்டு இருக்கீங்க. அது என்ன, பதில் பேசுதா?” பேசுகிறது என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மிக்சியைத் தூக்கிக்கொண்டு பெட்ரூமுக்குப் போய்விட்டாள். அங்கே அரைக்கிற சத்தம். எட்டாயிரத்து முந்நூற்றுப் பத்தை ஒன்று புள்ளி இரண்டால் பெருக்கினால் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு. பத்தாயிரத்துக்கு இருபத்தெட்டு மணிதான் குறைவு. இரண்டாவது, பத்தாயிரத்து முந்நூற்று நாற்பத்து நாலு. மூன்றாவது, பத்தாயிரத்து நூற்று நாற்பது. அந்த எண். அந்த எண்ணை நான் முதலில் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ரெஜிஸ்டரைத் திறந்து மூன்றாவது வால்வின் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கிறேன். வால்வு இறந்த வரியில் எழுதியவர் கையெழுத்து ஒன்று, ஷிப்டில் இருந்தவர் கையெழுத்து ஒன்று, இரண்டும் இருந்தால்தான் செல்லும், அது எங்கள் வழக்கம். அய்யாத்துரையின் கையெழுத்துக்குக் கீழே மையில் ‘ஆட்சேபத்துடன்’ என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அவன் பென்சிலில் ஒரு எண் எழுதியிருந்தான். நான் ரப்பர் போட்டு அழித்தேன். தாளில் பள்ளம் அப்படியே இருக்கிறது. பத்தாயிரத்து நூற்று நாற்பது. கையை எடுத்துவிட்டேன், சுட்ட மாதிரி.

அவன் தினப்படி லாக் ஷீட்டை எல்லாம் உட்கார்ந்து கூட்டியிருந்தான். ஐந்து வருஷத்து ஷீட். எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு அணைத்தோம், கடிகாரத்தைப் பார்த்து எழுதியவை. விளக்கம் கேட்டு நான் கொடுத்த மெமோவுக்குப் பதில் என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றான். “சார், மீட்டர் கம்மியாக் காட்டுது சார். நான் கூட்டிப் பாத்தேன். வால்வு அதோட வயசுக்கு ஓடித்தான் போயிருக்கு.” கூட்டத் தெரியாதவன் எல்லாம் கூட்டிக்கொண்டு வராதே என்றேன். “வேணும்னா நீங்க ஒருக்கா கூட்டிப் பாருங்க சார்.” எனக்கு நேரமில்லை. நான் என்றைக்கும் நேரமில்லாதவன். மூன்று பக்கத்தையும் படிக்காமல் ஃபைலில் குத்தினேன். பதினொரு வரியில் ரிப்போர்ட் எழுதினேன். கையால் எழுதிய கணக்கு கருவியின் கணக்குக்கு முன் நிற்காது. இரண்டாவது மெஷினில் வால்வுகள் பத்தாயிரம் தாண்டுகின்றன, முதல் மெஷினில் மட்டும் சாகின்றன, காரணம் சக்கரத்தில் இருக்கிற கை. இரண்டாவது மெஷினின் மீட்டர் நம் ஊரில் பண்ணியது. ஐம்பதுக்குப் பண்ணியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆறு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். இரண்டு மெஷினுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடியை நான் நடக்கவில்லை. பேர் வைப்பதற்கு மட்டும் நேரம் இருந்தது. கேன்டீனில் எல்லாருக்கும் முன்னால், வாடா வால்வுதின்னி, இன்றைக்கு எத்தனை தின்றாய் என்றேன். சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வடையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். பத்து இருபத்தைந்து முப்பத்தாறு. மூன்று. மூன்று அளவு எடுத்தாயிற்று. இனி சந்தேகம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

அவனை ராஜஸ்தான் பக்கம் மாற்றினார்கள். மணலுக்கு நடுவே ஒரு நிலையம். பதினொரு வருஷம். பதவி உயர்வு கிடையாது. அவன் அம்மா செத்தபோது மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான் என்று யாரோ சொன்னார்கள், நான் ஏதோ சர்க்யூட் பார்த்துக்கொண்டிருந்தேன், உம் என்றேன். அவன் போனபிறகு வால்வுகள் மீட்டரில் ஒன்பதாயிரத்து எண்ணூறு ஓடின. பார்த்தீர்களா என்றேன். அதே மாதம்தான் ஃபிலமென்ட் வோல்ட்டை நான் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைத்தேன், ஆயுள் கூடியது அதனால். அதை ரிப்போர்ட்டில் எழுதினேன், சர்டிபிகேட் வந்தது. அவனைப் பற்றி எழுதியதைத் திருத்தவில்லை. திருத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட ஒரு மாதிரி. வேண்டுமென்று செய்தவனுக்கு ராத்தூக்கம் கெட்டிருக்கும். நான் நன்றாகத் தூங்கினேன். முப்பத்தெட்டு வருஷம் குறட்டை விட்டேன் என்று தையலைக் கேட்டால் சொல்லுவாள். எழுபத்தெட்டு வயது எனக்கு. இந்த மீட்டர் கணக்கில் அறுபத்தைந்து. என்ன புத்தி இது, இப்போது போய் இதைக் கணக்குப் போடுகிறது. பத்து முப்பத்திரண்டு நாற்பத்தெட்டு. நாலு. நான் பார்க்கவே வேண்டாம், அது தன்பாட்டுக்கு வருகிறது. ஒன்று செய்யலாம். ப்ளக்கைப் பிடுங்கி, தேக்கைத் திரும்ப மாட்டி, பரண் மேல் போட்டுவிடலாம். மாசிலாமணியிடம் மீட்டர் ரிப்பேர் என்று சொன்னால் போதும். அவன் ஒன்றும் கேட்க மாட்டான். அந்தத் தகடு பரணிலிருந்து இறங்கி வந்து யாரிடமும் பேசப்போவதில்லை. உலகத்தில் இது தெரிந்தவன் நான் ஒருத்தன். நான் போனபிறகு தையல் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போடுவாள். இது நல்ல வழிதான். கை ப்ளக் வரைக்கும் போகிறது. போனது அங்கேயே நிற்கிறது. பெட்ரூமில் மிக்சி நின்றுவிட்டது.

வருஷா வருஷம் பொங்கலன்று போன் பண்ணுகிறான். அவன்தான் பண்ணுகிறான், நான் பண்ணியது கிடையாது. “சார், வால்வுதின்னி பேசுதேன்” என்பான். நான் சிரிப்பேன். நல்லா இருக்கியா, இருக்கேன் சார், முடிந்தது, ஒரு நிமிஷம். அவன் அந்தப் பேரைச் சொல்லும்போது எனக்கு ஒன்றும் செய்ததில்லை. பழகிப்போன பேர், பாசமாகச் சொல்கிறான் என்று நினைத்திருந்தேன். பத்து நாற்பது. ஐந்து நேராக நிற்கிறது. முப்பத்தாறு நிமிஷத்தில் அரை மணி. போனை எடுத்தேன். கையில் எண்ணெய், எப்படி வந்தது தெரியவில்லை, நம்பரைத் தப்பாகத் தொட்டு, மறுபடி தொட்டு. மணி அடிக்கிறது. எடுக்காமல் இருந்தால் நல்லது. எடுத்துவிட்டான். “சார்! என்ன சார், சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது? வால்வுதின்னி பேசுதேன், சொல்லுங்க.” அய்யாத்துரை, அப்படிச் சொல்லாதே என்றேன். “எப்படி சார்?” அந்தப் பேர். “ஏன் சார், நீங்க வெச்ச பேருதான?” சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. மீட்டர் மெதுவாக ஓடியிருக்கிறது என்றேன். முதல் மெஷின் மீட்டர். அறுபது சைக்கிளுக்குப் பண்ணியது, இன்றைக்குத்தான் பின்னால் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது வால்வு பத்தாயிரத்து நூற்று நாற்பது மணி ஓடியிருக்கிறது. நீ கூட்டியது சரி.

லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை. அங்கே ஒரு ஃபேன் கட்டக் கட்ட என்று ஓடுகிறது. “சரியா கூட்டினேனா?” என்றான். ‘சார்’ சேர்க்கவில்லை. சரி என்றேன். “மூணுமா?” மூன்றும். முதலாவது மட்டும் இருபத்தெட்டு மணி குறைவு, அது ஒரு குறைவே இல்லை. “நான் கூட்டினது தப்புன்னு நானே நெனச்சுட்டேன் சார். நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க. அங்க மணல்ல போய் உக்காந்து யோசிச்சு யோசிச்சு, ஆமா, நம்ம கைதான் அவசரக் கைன்னு ஆயிப்போச்சு. பதினாறாம் வாய்ப்பாட்ட ரெண்டு மட்டம் சொல்லுவேன். கிறுக்கன்னு சிரிப்பானுவ. இன்னிக்கும் வீட்ல கேஸ் அடுப்பத் தொட மாட்டேன், பேரப்பிள்ளையத் தூக்க மாட்டேன், கைல குடுத்தா கெட்டுப்போவும்னு.” நான் போனைக் காதில் அழுத்திப் பிடித்திருக்கிறேன். அவன் கெட்ட வார்த்தை சொல்லுவான் என்று தயாராக இருந்தேன். சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். இதற்கு நான் தயாராக இல்லை. நான் ரிப்போர்ட் எழுதினேன், மேலே இருந்தவர்கள் நம்பினார்கள், அதுவரைக்கும்தான் எனக்குக் கணக்கு. அவனும் நம்பினான் என்பது என் கணக்கில் எங்கேயும் இல்லை. ரெஜிஸ்டரைத் திருத்த வேண்டும் என்றேன், வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு. எட்டாயிரத்து நானூற்று ஐம்பதை அடித்து மேலே எழுதி நான் கையெழுத்துப் போடுவேன், உன் கையெழுத்தும் வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது, நான் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு வருகிறேன், வரட்டுமா. “ஒரு நிமிசம் இருங்க” என்றான். போனை எங்கேயோ வைத்த சத்தம். செருப்பில்லாத கால் நடந்து போகிற சத்தம். தூரத்தில் அவன் குரல், வாய்ப்பாடு சொல்லுகிற அதே நிதானம்தான், ஆனால் நடுவில் உடைகிறது. “ஏ பேச்சி. ஏ பேச்சி, அந்தக் கரண்டியக் கீழ போட்டுட்டு வா. நான் கொல்லலையாம்ட்டி. மூணையும் நான் கொல்லலையாம். அதுக வயசாகித்தான் போயிருக்கு.” அவன் மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஏதோ பாத்திரம் உருண்டது. அவன் திரும்பி வந்து போனை எடுக்கவில்லை. வரட்டுமா என்று கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. நான் வைக்க மாட்டேன். தையல் வாசற்படியில் வந்து நிற்கிறாள். பத்து நாற்பத்தாறு. ஆறு நிமிஷம் முழுசாக ஆயிற்று. சிவப்பு ஆறு விளிம்பில் தலையைக் காட்டிக்கொண்டு இன்னும் கீழேயே நிற்கிறது.